‘அதெல்லாம் சரி, ஆனால்...’

கேள்வி: நண்பர் ஒருவர் தினமும் போன் செய்து ஒரு மணி நேரம் புலம்புகிறார். மேலதிகாரி சரியில்லை, தம்பி ஏமாற்றிவிட்டான், யாருமே தன்னை மதிப்பதில்லை. பத்து வருடமாக இதே பாட்டுதான். எந்த யோசனையையும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒருவர் வந்து வாய்க்க வேண்டும்?

பதில்: ‘வேறு வேலை தேடலாமே’ என்றால் ‘தேடலாம்தான், ஆனால் இந்த வயதில் யார் தருவார்கள்?’ என்பார். ‘தம்பியிடம் நேரில் பேசுங்களேன்’ என்றால் ‘பேசலாம், ஆனால் அவன் மனைவி விடமாட்டாள்’ என்பார். சரிதானே? எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் 1964-இலேயே இதை ஒரு விளையாட்டு என்று எழுதிவிட்டார். யோசனை கேட்பதே ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத்தான். கடைசியில் நீங்கள் வாயடைத்துப் போகிறீர்களே, அங்கேதான் அவர் ஜெயிக்கிறார். ‘பார், உன்னாலும் முடியவில்லை!’

நடிக்கிறார் என்று சொல்லவில்லை. தம்பி ஏமாற்றியது நிஜமாகவே இருக்கலாம். (அநியாயம் நடந்தவரைப் புலம்பல் பேர்வழி என்று ஒதுக்குவது ரொம்ப வசதியான வேலை.) 1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள், எப்படித் துள்ளினாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, ஒரு தாவு தாவினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோதும் பெரும்பாலானவை தாவவில்லை; படுத்து முனகின. நாய்கள் இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். 2016-இல் அவர்களே அதைத் திருத்தினார்கள்: முடங்கிக் கிடப்பதை யாரும் கற்க வேண்டியதில்லை, அது தானாக வருவது, கற்க வேண்டியது ‘நான் செய்தால் நடக்கும்’ என்பதைத்தான்.

அந்த நாய்கள் எப்படித் தேறின தெரியுமா? கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் தானாகவே தாவின. உங்கள் நண்பருக்கும் யோசனை போதாது. ‘சரி, இதில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள், அதுதான் கஷ்டம். ஒரே ஒரு விண்ணப்பம் எழுதுகிறேன் என்றால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வையுங்கள்.

அப்புறம், உங்கள் கடைசி வரி. ‘எனக்கு மட்டும் ஏன்?’ பத்து வருடமாகப் போனை எடுத்தது உங்கள் கைதானே? நாளைக்கு எடுக்காமல் இருந்து பாருங்களேன் என்றால், ‘இருக்கலாம்தான், ஆனால் அவர் மனம் நோகுமே’ என்பீர்கள்.