பயிற்சிச் செலவு யார் தலையில்?

(ஆபத்தான ரசாயனங்களோடு வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி, அதற்கான பணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பயிற்றுநர் ஒருவர் பதில் தருகிறார்.)

டேங்க் கழுவும் காண்டிராக்டில் இருக்கிறேன். உள்ளே இறங்கப் பயிற்சி கட்டாயம் என்று சொல்லி, வார விடுமுறை நாளில் வகுப்பு வைத்தார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் வகுப்புக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். இது முறையா, மேடம்?
– டேங்க் சுத்தம் செய்யும் தொழிலாளி

முறையில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981ல் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளி எந்தச் செலவும் செய்ய வேண்டியிருக்கக் கூடாது என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கான 1989ஆம் ஆண்டு விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: பயிற்சிச் செலவைத் தொழிலாளி மேல் போடக் கூடாது, பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் இதை எந்த வார்த்தையில் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த அதிகாரியிடம் போவது என்பது மாறும். ஆனால் நியாயம் உங்கள் பக்கம்தான்.

எனக்குக் கட்டணத்தை விட அந்த விடுமுறை நாள்தான் உறுத்துகிறது. ஆறு நாள் டேங்குக்குள் குனிந்து நிமிர்ந்தவரை ஏழாம் நாள் நாற்காலியில் உட்காரவைத்தால் அவர் காதில் என்ன விழும்? நானும் அப்படிப்பட்ட வகுப்புகளை எடுத்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

முதலில், எதற்காகப் பிடித்தார்கள் என்பதைச் சம்பளச் சீட்டில் எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்களோடு வகுப்பில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதன்மை நிறுவனத்திடம், காண்டிராக்ட் ஒப்பந்தத்தில் பயிற்சிக்கென்று தொகை ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒதுக்கியிருப்பார்கள். அந்தத் தொகையை மேலே வாங்கிக்கொண்டு கீழேயும் வசூலிக்கும் காண்டிராக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த வகுப்பில் காற்றுச் சோதனைக் கருவியை உங்கள் கையில் கொடுத்தார்களா? ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்று சொன்னார்களா? ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு ஏறி 100 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்து, வாசனையே தெரியாமல் போய்விடும். ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது என்பதை வகுப்பில் நடித்துப் பார்த்தீர்களா? அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் எழுதியது. இதெல்லாம் இல்லாத வகுப்பு என்றால், பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்க இரண்டாவது காரணமும் கிடைத்துவிட்டது.

சின்ன முலாம் பூசும் பட்டறை நடத்துகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வெளியிலிருந்து பயிற்றுநரைக் கூட்டிவர எனக்கு வசதியில்லை. எங்கே போய்ப் பணம் தேடுவது?
– பட்டறை உரிமையாளர்

நீங்கள் பயிற்றுநரின் கட்டணத்தைச் சொல்கிறீர்கள். உங்களை உண்மையில் பயமுறுத்துவது அதுவல்ல என்று நினைக்கிறேன். எட்டுப் பேரும் ஒரே நாளில் வகுப்பில் உட்கார்ந்தால் தொட்டி நிற்கும், ஆர்டர் தள்ளிப்போகும். பயிற்சியின் பெரிய செலவு எப்போதும் அந்த நேரம்தான். பெரிய நிறுவனத்தில் ஒருவர் வகுப்புக்குப் போனால் இன்னொருவர் நிற்பார். உங்களிடம் ஆள் கிடையாது. அதனால் நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒரு முழு நாளுக்குப் பதிலாக, ஷிப்டின் முதல் ஒரு மணி நேரத்தைச் சில வாரங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு பேசுங்கள். உங்களிடம் இருக்கிற அதே ஆசிட்டும் அதே சயனைடு உப்பும்தான் அவர்களிடமும் இருக்கும். நான்கைந்து பட்டறை சேர்ந்து ஒரு பயிற்றுநரைப் பிடித்தால் செலவு பிரிந்துபோகும். காப்பீட்டு நிறுவனத்திடம், பயிற்சி நடத்தினால் பிரீமியத்தில் சலுகை உண்டா என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ரசாயனம் சப்ளை செய்பவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். நான்காவது முதலுதவி, எட்டாவது எந்தக் கையுறை, எந்த முகமூடி என்பது, பத்தாவது எதோடு எது சேரக் கூடாது என்பது. இந்த மூன்றையும் உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து சத்தமாகப் படித்தாலே பாதி வகுப்பு முடிந்த மாதிரி. சப்ளையரின் ஆளை வந்து விளக்கச் சொல்லலாம், அது இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அவர் விற்கவும்தான் வருகிறார் என்பது நினைவிருக்கட்டும்.

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறதென்றால் எதில் தொடங்குவது? உங்கள் தொழிலில் நான் இரண்டு இடத்தில் தொடங்குவேன். முதலாவது, கழிவுநீர். சயனைடு கரைசலும் ஆசிட்டும் ஒரே கால்வாயில் சந்தித்தால் உயிரைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். எந்தத் தொட்டியின் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒவ்வொரு தொழிலாளியும் தரையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டாவது, கண் கழுவும் குழாய். அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு 10 நொடிக்குள் குழாயைப் போய்த் தொடச் சொல்லுங்கள், விழாமல் பிடிக்க ஒருவர் கூட நடக்கட்டும். போகிற வழியில் ஒரு வாளி இருக்கும், சுருட்டிப் போட்ட ஹோஸ் இருக்கும், யாரோ சாத்திவைத்த தள்ளுவண்டி இருக்கும். எல்லாம் அப்போதுதான் தெரியும். குழாயைத் திறந்த பிறகு 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்த 15 நிமிடத்தைக் கடிகாரம் வைத்து ஒருமுறை நின்று பார்க்கட்டும், எவ்வளவு நீளம் என்று புரியும். இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் உங்கள் ஒரு மணி நேரம்தான்.

எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் ஆன்லைன் கோர்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டோம். வீடியோ பார்த்து, பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ். செலவில் பெரிய மிச்சம். இது போதாதா?
– மனிதவள அதிகாரி

பாடத்துக்குப் போதும், கைக்குப் போதாது. ரசாயன டப்பாக்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படங்களின் பொருள், தரவுத்தாள் படிப்பது, எந்த ரசாயனம் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, இதெல்லாம் திரையில் கற்றுக்கொள்ளலாம். அதில் நீங்கள் மிச்சம் பிடிப்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கோர்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கியவரைக் கூப்பிட்டு, கையுறை போடச் சொல்லி, அதன் மேல் புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியைத் தடவுங்கள். இப்போது கழற்றச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை அடித்தால் மணிக்கட்டில் ஒரு கோடு, கட்டைவிரலில் ஒரு திட்டு, சட்டை விளிம்பில், சிலருக்கு மூக்கு நுனியில்கூட மின்னும். அவருக்கே சிரிப்பு வந்துவிடும். இரண்டாம் முறை, முதல் கையுறையை வெளிப்பக்கமாகப் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, மற்ற கைக்குள் உருட்டி வைத்துக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே விட்டு உரிப்பார். மூன்றாம் முறை சுத்தமாக வரும். இது வீடியோவிலும்தான் இருந்தது, அவரும் பார்த்தார்தான்.

கையுறை என்றதும் கேரன் வெட்டர்ஹான் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், நச்சு உலோகங்களில் நிபுணர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசத் திரவம் ஓரிரு சொட்டு அவருடைய லேட்டக்ஸ் கையுறை மேல் விழுந்தது. அந்தக் கால வழக்கப்படி கவனமாகத்தான் வேலை செய்தார். பிறகு சோதித்தபோது அந்தத் திரவம் அப்படிப்பட்ட கையுறையை 15 நொடிக்குள் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். ‘கையுறை போட்டாயா?’ என்று கேட்பதோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அட்டவணையைத் தொழிலாளி கையில் எடுத்துப் பார்க்கப் பழக வேண்டும்.

மிச்சம் பிடித்த பணத்தில் பாதியைக் கைப்பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். முகமூடி முகத்தோடு பொருந்துகிறதா என்று ஆளுக்கு ஆள் பார்க்கும் சோதனையையும் அதில் சேருங்கள். ஒருவர் தாடியோடு வந்தால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும்.

பயிற்சி கொடுத்த ஆள் மறு மாதமே போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுகிறான். எங்கள் பணம் வீண்தானே?
– கிடங்கு மேலாளர்

போட்டிக் கம்பெனியிலிருந்து உங்களிடம் வந்தவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? எல்லாரும் கணக்குப் பார்த்தால் யாருமே கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் தொழில் முழுக்கப் பொதுவாக ஒரு நிதி வேண்டும் என்கிறேன். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் அரசாங்கமே பணம் கொடுத்துவிட்டால் என்ன?
– கல்லூரி மாணவி

கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் யாரிடமிருந்து எடுத்து யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் நச்சுக் கழிவு கொட்டிய இடங்களைச் சுத்தம் செய்யும் சூப்பர்ஃபண்ட் சட்டத்தை 1986ல் திருத்தினார்கள். சுத்தம் செய்யப் போகிறவர்களே நோயாளியாகிவிடக் கூடாது என்று அதிலேயே பயிற்சி மானியத்துக்கும் வழி செய்தார்கள். பொறுப்பு, சுற்றுச்சூழலும் உடல்நலமும் பற்றி ஆராயும் தேசிய நிறுவனத்திடம் போனது. 1987 முதல் மானியம் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி, பணம் கம்பெனிகளுக்குப் போவதில்லை. தொழிற்சங்கங்கள், பல்கலைக்கழகங்கள் போன்ற லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குத்தான் போகிறது. கழிவுத் தளத்தில் முழுநேரமாக வேலை செய்பவருக்கு அங்கே விதி 40 மணி நேரப் பயிற்சி, அதன் பிறகு மூன்று நாள் மேற்பார்வையில் கள வேலை, ஆண்டுதோறும் 8 மணி நேரம் மறுபயிற்சி. அந்த வகுப்புகள் பலவற்றில் பாடம் எடுப்பவரும் அதே வேலையைச் செய்தவராக இருப்பார்.

அதே நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 1988ல் கான்சாஸ் நகரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் தீ. அங்கே நின்ற டிரெய்லர்களில் அம்மோனியம் நைட்ரேட் கலந்த வெடிபொருள் இருந்தது. வெடித்ததில் அணைக்கப் போன 6 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 1990ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆபத்தான சரக்கை அனுப்புவோரும் ஏற்றிச் செல்வோரும் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் மாநிலங்கள் வழியாகத் தீயணைப்பு வீரர்கள் மாதிரி முதலில் ஓடிப்போகிறவர்களின் பயிற்சிக்குச் செலவாகிறது.

ஜெர்மனியின் ஏற்பாடு இன்னும் பழையது. 1884ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டப்படி தொழில்வாரியாகச் சங்கங்கள் அமைந்தன. சந்தா முழுக்க முதலாளிகளுடையது, தொழிலாளி பங்கு கிடையாது. ஆபத்து அதிகமான தொழிலுக்குச் சந்தாவும் அதிகம். அந்தச் சங்கங்களே பயிற்சியும் நடத்துகின்றன. விபத்து குறைந்தால் சங்கத்துக்கு இழப்பீட்டுச் செலவு குறையும், அதனால் உருப்படியாக நடத்த வேண்டிய அவசியம் அவர்களுக்கே இருக்கிறது. கிடங்கு மேலாளர் கேட்டதற்கும் இதுதான் பதில். ஆள் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் பணம் ஒரே பானையிலிருந்து வந்ததுதான்.

ஆக, ஆபத்தைக் கொண்டுவருபவரிடம் வசூல் செய்யுங்கள், செலவழிக்கும் கையை அவரிடம் கொடுக்காதீர்கள். நேராகக் கம்பெனிக்கே மானியம் கொடுத்த சில இடங்களில் எனக்குக் காட்டப்பட்டதெல்லாம் அழகாகக் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடுகள்தான்.

சான்றிதழ் எத்தனை வருடத்துக்குச் செல்லும்?
– லாரி ஓட்டுநர்

உங்கள் உரிமத்தோடு வரும் விதியைப் பாருங்கள், நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியில் மாட்டும் ஆரஞ்சுப் பலகையில் மேல் எண்ணுக்கு முன்னால் ‘எக்ஸ்’ எழுத்து இருந்தால் என்ன பொருள் என்று இப்போது கேட்டால் யோசிக்காமல் வர வேண்டும்: தண்ணீர் பட்டால் ஆபத்து. வரவில்லை என்றால் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்திலேயே மறுபயிற்சி கேளுங்கள்.

எங்கள் சங்கத்தின் சார்பில் பயிற்சி மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். என்னென்ன எழுதினால் கிடைக்கும்?
– தொழிற்சங்கச் செயலாளர்

கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு: ‘500 பேருக்கு விழிப்புணர்வு’ என்று எழுதியிருப்பார்கள். எந்த 500 பேர், எதைக் கையாள்கிறார்கள் என்று இருக்காது. ரசாயனத்தின் பெயரை எழுதுங்கள், வேலையின் பெயரை எழுதுங்கள், கடந்த காலத்தில் நடந்த சின்னச் சின்னக் கசிவுகளையும் எழுதுங்கள்.

பட்ஜெட்டில் எல்லாரும் மறக்கும் வரி, வகுப்புக்கு வருபவரின் அன்றைய கூலி. தினக்கூலிக்காரர் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார், வந்தால் பாதியில் எழுந்து போவார். அடுத்தது, பயிற்சியில் தீர்ந்துபோகும் பொருள். கையுறை, பாதுகாப்பு உடை, வாயு ஃபில்டர் எல்லாம் பழகப் பழகக் கிழியும், தீரும். கிழிய அனுமதிக்கும் அளவுக்குக் கேளுங்கள். பொத்திப் பொத்திப் பழகினால் அது பழக்கமே இல்லை.

மொழிக்கென்றும் பணம் கேளுங்கள். 1984ல் போபாலில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழிற்சாலையின் செயல்முறைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன, வேலை செய்தவர்களில் பலருக்கு அது சரியாகப் புரியாது என்று பிறகு வந்த செய்திகள் சொல்லின. உங்கள் உறுப்பினர்கள் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்று எண்ணி, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தொழிலாளியைப் பயிற்றுநராகத் தயார் செய்யப் போவதாக எழுதுங்கள். வெளியாளை விட அவர் சொன்னால் கேட்பார்கள், மானியம் தீர்ந்த பிறகும் அவர் அங்கேயே இருப்பார்.

கடைசிப் பக்கத்தில், ஆறு மாதம் கழித்து என்ன பார்ப்பீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். தேர்வு மதிப்பெண் என்று எழுதாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஷிப்டுக்குள் போய், பெயர்ச்சீட்டு இல்லாத கேன்கள் எத்தனை என்று எண்ணுவோம் என்று எழுதுங்கள். இப்போதே ஒருமுறை எண்ணி அந்த எண்ணிக்கையையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.