பட்டத்தின் பெயரை விடுங்கள், பாடங்களைக் காட்டுங்கள்

ஐயா, அம்மா,

சனிக்கிழமை நீங்கள் மூவரும் வந்திருந்தீர்கள். பேசியது பெரும்பாலும் நீங்கள் இருவர்தான். ஐயாவின் கோப்பில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தரவரிசை. அம்மாவின் செல்பேசியில் உறவினர்களின் அறிவுரை. நடுவில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள், உயிரியல் இளநிலைப் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவள், அமெரிக்காவில் தடயவியல் டிஎன்ஏ ஆய்வாளர் ஆக விரும்புகிறவள், மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்கலங்கியதால் அன்று "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது ஆலோசனை ஆகாது. இது ஆலோசனை.

முதலில் பெரியப்பா. "தடயவியல் என்றால் பிரேதப் பரிசோதனைதானே, டாக்டருக்கே படிக்கட்டும்" என்கிறாராம். அவர் சொல்வது தடயவியல் நோய்க்குறியியல். அமெரிக்காவில் அதற்கு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு, நோய்க்குறியியல் பயிற்சியில் 3 அல்லது 4 ஆண்டு, அதன்மேல் சிறப்புப் பயிற்சி 1 ஆண்டு. மரணம் எப்படி நேர்ந்தது என்று சொல்வது அந்த மருத்துவரின் வேலை. சட்டையில் உள்ள கறை யாருடையது என்று சொல்வது உங்கள் மகள் கேட்கும் வேலை. மருத்துவமனைப் பக்கம் போகவே பிடிக்காது என்று அவள் வாயாலேயே சொன்னாள். பெரியப்பாவின் யோசனையை இத்துடன் மூடிவிடலாம்.

மாமா மகன் சிபாரிசு செய்த படிப்புதான் ஆபத்தானது, ஏனென்றால் அதன் பெயர் கவர்ச்சியாக இருக்கிறது. பல்கலைக்கழகமும் பெயர்பெற்றது. பாடத்திட்டத்தைக் கேட்டேன்; ஐயாவின் கோப்பில் அடியில் கிடந்தது. புலனாய்வு மேலாண்மை, குற்றவியல் கோட்பாடு, காவல்துறை நிர்வாகம். ஆய்வக வகுப்பு ஒன்றே ஒன்று. மரபியல் என்ற சொல்லே அதில் இல்லை.

அமெரிக்காவின் தேசிய டிஎன்ஏ தரவுத்தளத்தில் பங்கேற்கும் ஆய்வகங்களுக்கு எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பு வகுத்த தர விதிகள் இருக்கின்றன. ஆய்வாளர் ஆக உயிரியல், வேதியியல் அல்லது தடயவியல் சார்ந்த துறையில் இளநிலைப் பட்டம் போதும். ஆனால் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் மூன்றையும் கல்லூரியில் படித்துத் தேறியிருக்க வேண்டும். புள்ளியியலிலோ இனத்தொகை மரபியலிலோ (மக்களிடையே ஒரு மரபுக்கூறு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற படிப்பு) பாடமோ பயிற்சியோ இருந்தாக வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் மதிப்பெண் பட்டியலில் இந்தப் பெயர்களைத் தேடுவார். பல்கலைக்கழகம் தரவரிசையில் எங்கே நிற்கிறது என்று அவர் பார்ப்பதில்லை.

அப்படியானால் முதுநிலைப் பட்டம் எதற்கு? டிஎன்ஏ பிரிவின் தொழில்நுட்பத் தலைவர் பதவிக்கு அது கட்டாயம். இதே நான்கு துறைகளில் 12 கிரெடிட் (பாட நேரத்தைக் கணக்கிடும் அலகு), அவற்றில் ஒரு பாடமாவது முதுநிலை அளவில், கூடவே தடயவியல் டிஎன்ஏ ஆய்வகத்தில் 3 ஆண்டு அனுபவம். ஆக, அது அவள் ஏற வேண்டிய இரண்டாவது படி. முதல் படிக்கே வீட்டை அடமானம் வைக்கிறேன் என்றீர்கள், ஐயா. வைக்காதீர்கள். இந்த வேலைகளில் பெரும்பாலானவை அரசு ஆய்வகங்களில் இருக்கின்றன. சம்பளமும் அரசுச் சம்பளம். பெரிய பெயருக்காக வாங்கிய பெரிய கடனை அந்தச் சம்பளம் தாங்காது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

தடயவியல் பெயரிலேயே முதுநிலை படிக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் போவதானால் அமெரிக்கத் தடயவியல் கழகத்தின் அங்கீகார ஆணையம் ஏற்ற படிப்பா என்று மட்டும் பாருங்கள். நான் சொல்ல வந்தது உங்கள் கோப்பில் இல்லாத ஒன்று: சாதாரண மரபியல் முதுநிலைப் பட்டம், புள்ளியியல் பக்கம் சாய்ந்தது.

முகம் சுளிக்காமல் கேளுங்கள். டிஎன்ஏ ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது, அளப்பது, பல நகல்களாகப் பெருக்குவது ஆகிய வேலைகளில் பலவற்றை இப்போது இயந்திரக் கைகள் செய்கின்றன. சிக்கல் அதன் பிறகு வருகிறது. ஒருவரை அடையாளம் காண டிஎன்ஏவில் குறிப்பிட்ட சில இடங்களின் நீளத்தை மட்டும் அளப்பார்கள்; 2017 முதல் அந்தத் தேசியத் தரவுத்தளத்துக்கான அடிப்படை இடங்கள் 20. அதற்கு முன்பு 13. ஓர் இடத்தில் ஒருவருக்குப் பொதுவாக இரண்டு அளவுகளுக்கு மேல் இருக்காது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒருவருடைய ரத்தத்துளி என்றால் எளிது. ஆனால் கதவுக் கைப்பிடியையும் துப்பாக்கிப் பிடியையும் பலர் தொட்டிருப்பார்கள். முடிவைக் காட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் ஐந்து முகடுகள், அதாவது ஐந்து அளவுகள், எழும். ஒருவருடையது இன்னொருவருடையதன் மேல் ஏறி மறைக்கும். மெலிந்த ஒன்று தெரியாமலே போய்விடும். அங்கே 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்ற இரண்டே பதில்கள் போதாது. இந்த நபரும் இதில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் இந்த முடிவு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு, இல்லையென்றால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கணக்கை மென்பொருள் போட்டுவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து "உள்ளே என்ன நடந்தது?" என்று கேட்டால் மென்பொருள் கூண்டில் ஏறாது, உங்கள் மகள்தான் ஏற வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் காவல்துறை ஆய்வகத்தின் டிஎன்ஏ பிரிவை 2002இல் வெளித்தணிக்கைக்குப் பின் மூட வேண்டியதாயிற்று. அந்த ஆய்வகத்தின் சாட்சியத்தால் 1999இல் தண்டிக்கப்பட்ட இளைஞர் ஒருவர், மறுசோதனைக்குப் பின் 2003இல்தான் வெளியே வந்தார். கலப்பு மாதிரிக்கான கணக்கு அந்தச் சாட்சியத்தில் பிழையாகச் சொல்லப்பட்டிருந்தது.

சனிக்கிழமை உங்கள் மகள் வாய் திறந்தது இரண்டே முறை. ஒன்று, மருத்துவமனை பிடிக்காது என்று சொல்ல. இன்னொன்று, வாரத்தில் பிடித்த நேரம் எது என்று நான் கேட்டபோது. இளைய மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் செவ்வாய் மாலை என்றாள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா அப்போது செல்பேசியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

மரபியல் முதுநிலையில் கற்பித்தல் உதவியாளர் பணி கிடைத்தால், சில துறைகளில் கட்டணச் சலுகையும் உண்டு. செவ்வாய் மாலை அவள் செய்வதற்கு அங்கே சம்பளமே கொடுப்பார்கள். இனத்தொகை மரபியல் ஒரு பாடம், புள்ளியியல் இரண்டு பருவம், கொஞ்சம் நிரல் எழுதுதல், கலப்பு மாதிரிகளைப் பற்றி ஓர் ஆய்வேடு: இவை நான்கும் இருக்கட்டும். குறையும் உண்டு, மறைக்கவில்லை. தடயப் பொருளைக் கையாளுவதும் சாட்சி சொல்வதும் அங்கே கற்பிக்கப்படாது. கோடை விடுமுறையில் ஒரு குற்றவியல் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்வது அவசியம். மற்றதை வேலை தரும் ஆய்வகமே மாதக்கணக்கில் கற்றுத்தந்து, தேர்வு வைத்த பிறகுதான் வழக்கைக் கையில் கொடுக்கும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை திறன் தேர்வு வரும். பின்னணி விசாரணையும் நடக்கும். அவளுடைய டிஎன்ஏவையே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவள் தும்மல் தடயத்தில் கலந்துவிட்டால் கண்டுபிடிக்க.

கடைசியாக ஒன்று, இது அவசரம். அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். மரபியல் இருக்கிறது, மூலக்கூறு உயிரியல் இருக்கிறது, புள்ளியியலில் முதல் தரம். உயிர்வேதியியல் இல்லை, நேரம் ஒத்துவரவில்லை என்று போன ஆண்டு கைவிட்டிருக்கிறாள். அடுத்த பருவத்துக்கான பதிவு முடிவதற்குள் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரியப்பாவின் எண்ணை அனுப்புங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.