ரியாலிட்டி நிகழ்ச்சியில் வந்தால் சொகுசுக் கப்பல் நிறுவனத்துக்கு என்ன ஆதாயம்?

பெரிய ஆதாயம் உண்டு. 1998-இல் பிபிசி, ‘செலிப்ரிட்டி’ என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் ‘கேலக்ஸி’ கப்பலில் நடக்கும் அன்றாட வாழ்க்கையைத் தொடராகக் காட்டியது. பிரிட்டனில் பிபிசி விளம்பரமே வாங்காது; அந்த நேரத்தைப் பணம் கொடுத்துப் பெறவே முடியாது. கப்பலில் பாடிய ஜேன் மெக்டொனால்ட் நாடறிந்த பாடகியானார். அதே ஆண்டு அவருடைய இசைத்தொகுப்பு விற்பனையில் முதலிடம் பிடித்தது.

இதன் சூட்சுமம் பயத்தைப் போக்குவதில் இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் வரிசையில் நின்று பாருங்கள். உயிர்காப்பு அங்கியின் நாடாவை இறுக்கியபடியே, திரும்பி வருபவர்களிடம் “ரொம்ப ஆடுமா?” என்று கேட்பார்கள். போய்வந்தவர் சிரித்தால் போதும், அங்கேயே பாதி தயக்கம் தீரும். தொடரில் வரும் பயணிகள் அந்தப் போய்வந்தவர்கள்தாம். அறை எவ்வளவு சிறியது, குமட்டினால் என்ன செய்வது என்பதெல்லாம் அரை நிமிட விளம்பரத்தில் வராது.

ஆனால் படத்தொகுப்பு நிறுவனத்தின் கையில் இல்லை. ஊழியர் கண்ணீரும் பயணியின் சண்டையும் அப்படியே ஒளிபரப்பாகும். குளச்சலிலிருந்து கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகளை அறிந்தவன் நான்; ஊழியர்களை நன்றாக நடத்தும் கப்பல்தான் கேமராவை உள்ளே விடலாம்.