எஃகின் தரத்தை உயர்த்தினால் உத்திரத்தின் தொய்வு குறையுமா?

கேள்வி: வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் ஓராண்டாகப் பணிபுரிகிறேன். 6 மீட்டர் இடைநீளம் கொண்ட, இரு முனைகளிலும் எளிய தாங்கிகளில் அமர்ந்த எஃகு உத்திரம் ஒன்றைக் கணக்கிட்டேன். நிலையான சுமை மீட்டருக்கு 4 கிலோநியூட்டன், பயன்பாட்டுச் சுமை 6 கிலோநியூட்டன். 220 மி.மீ உயரமுள்ள ஐ வடிவச் சட்டத்தை, 275 மெகாபாஸ்கல் தரத்தில் (நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு, அதாவது பரப்பலகு ஒன்றில் எழும் உள்விசை) எடுத்தேன். வலிமைக் கணக்கில் தேறிவிட்டது. ஆனால் நடுவில் 30 மி.மீ தொய்வு வருகிறது. எங்களுக்குக் கொடுத்த வரம்போ இடைநீளத்தில் 250-இல் ஒரு பங்கு, அதாவது 24 மி.மீ. 355 தர எஃகாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் உடன் பணிபுரியும் மூத்தவர். அவர் சொல்வது சரியா? கல்லூரியில் திண்மப் பொருள்களின் இயக்கவியலை மனப்பாடமாகப் படித்தவன் என்பதால் என்னால் உறுதியாக மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

பதில்: சரியில்லை. 355 தரத்துக்கு மாறினாலும் அதே சட்டம் அதே 30 மி.மீதான் தொய்யும். தரம் உயர்ந்துவிட்டது என்று நம்பி யாராவது சட்டத்தின் அளவையும் குறைத்தால், தொய்வு இன்னும் கூடும்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புக்கான பெருக்குக் காரணிகள் சேர்க்காத மொத்தச் சுமை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். எனவே நடுவில் வளைவுத் திருப்புத்திறன் 45 கிலோநியூட்டன் மீட்டர். நீங்கள் எடுத்த சட்டம் ஐரோப்பிய அட்டவணையில் உள்ள 220 எண் சட்டம்தான் என்று கொண்டால், வடிவம் தரும் விறைப்பைக் குறிக்கும் நிலைமத் திருப்புத்திறன் 2772 செ.மீ⁴, வடிவம் தரும் வலிமையைக் குறிக்கும் வெட்டுமுகக் குணகம் 252 செ.மீ³. இதன்படி விளிம்பில் எழும் தகைவு ஏறக்குறைய 179 மெகாபாஸ்கல்; பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தை 200 கிகாபாஸ்கல் என்று வைத்தால் தொய்வு 30.4 மி.மீ. இந்தக் கணக்கின் ஒவ்வொரு படியிலும் 275 என்ற எண் எங்கே வந்தது என்று தேடிப் பாருங்கள். திருப்புத்திறனில் வரவில்லை, தகைவில் வரவில்லை, தொய்விலும் வரவில்லை. கிடைத்த தகைவு பாதுகாப்பானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கடைசி வரியில் மட்டுமே அது வருகிறது. தரம் என்பது ஒப்பீட்டுக்கான எல்லைக்கோடு. உத்திரம் எவ்வளவு வளைய வேண்டும் என்பதில் அதற்குப் பங்கில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இழுவிசைச் சோதனையைவிடச் சிறந்த இடமில்லை. 275 தரத்தில் ஒன்றும் 355 தரத்தில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகளை அடுத்தடுத்து இயந்திரத்தில் பொருத்தி, இரண்டின் தகைவு - திரிபுக் கோடுகளையும் (திரிபு என்பது நீட்சியை மூல நீளத்தால் வகுத்த ஈவு) ஒரே தாளில் வரைந்தால், தொடக்கத்தில் ஒரே கோடுதான் தெரியும். இரண்டாவது கோடு முதலாவதன் மேலேயே ஏறிச் செல்லும். திரிபு 0.0014-ஐ நெருங்கும்போது முதல் மாதிரி நிரந்தர உருமாற்றத்துக்குள் நுழைந்து கிடைமட்டமாகத் திரும்புகிறது. இரண்டாவது அதே சாய்வில் 0.0018 வரை ஏறிய பிறகே திரும்புகிறது. உயர்ந்த தரம் கோட்டை நீட்டுகிறதே தவிர நிமிர்த்துவதில்லை. அந்தச் சாய்வுதான் யங் குணகம், உத்திரத்தின் தொய்வில் நுழையும் ஒரே பொருட்பண்பும் அதுதான். 50 மி.மீ அளவு நீளமுள்ள மாதிரியில் இந்த முதல் பகுதி முழுவதும் 0.07 மி.மீ நீட்சிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு தலைமுடியின் பருமன் அளவு. எனவே நீட்சிமானியை மாதிரியின் மீதே மாட்டாமல், இயந்திரத்தின் குறுக்குத்தலை நகர்வை நீட்சி என்று கொள்பவர்களுக்குப் பிடிகளின் வழுக்கலும் இயந்திரச் சட்டகத்தின் நெகிழ்வும் சேர்ந்து, யங் குணகம் உண்மையில் ஒரு சிறு பங்காகவே கிடைக்கும். ஆய்வகக் குறிப்பேடுகளில் எஃகின் யங் குணகம் 40 கிகாபாஸ்கல் என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எஃகின் சாய்வு ஏன் மாறுவதில்லை? விறைப்பு என்பது இரும்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் விறைப்பு. கலப்புத் தனிமங்களைச் சிறிய அளவில் சேர்ப்பதும், வெப்பத்தால் பதப்படுத்துவதும், படிகத்துக்குள் உள்ள பிறழ்வுகளை, அதாவது அணு வரிசையில் உள்ள குறைகளை, எளிதில் நகரவிடாமல் தடுக்கின்றன. அதனால் நிரந்தர உருமாற்றம் தொடங்குவது தள்ளிப்போகிறது. பிணைப்புகளோ பெரும்பாலும் அதே இரும்புப் பிணைப்புகள்தான். எனவே சாதாரணக் கட்டுமான எஃகும் அதைவிடப் பலமடங்கு வலிமையான கம்பியெஃகும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கின்றன. அலுமினியத்தில் இந்த எண் 70. ஆகவே சாதாரண எஃகை வலிமையில் மிஞ்சும் அலுமினியக் கலவையில் அதே வடிவ உத்திரத்தைச் செய்தாலும் அது ஏறத்தாழ மூன்று மடங்கு தொய்யும். கான்கிரீட்டில் நிலைமை சற்று வேறு: தரம் உயர்ந்தால் விறைப்பும் உயரும், ஆனால் ஏறத்தாழ வலிமையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான். 25 மெகாபாஸ்கல் கான்கிரீட்டை 40 ஆக்கினால் வலிமை 60 விழுக்காடு கூடும். விறைப்பு 26 விழுக்காடு கூடினால் பெரிது.

உங்கள் மூத்தவரைக் குறைசொல்ல நான் அவசரப்படமாட்டேன். எப்போது முறியும், எவ்வளவு வளையும் என்ற இரண்டு கேள்விகளும் வெவ்வேறானவை என்று தெளிவாக நெடுங்காலம் பிடித்தது. கலிலியோ 1638-இல் உத்திரத்தைப் பற்றி எழுதியபோது அவர் கேட்டது எப்போது முறியும் என்ற ஒன்றைத்தான். வளைவதைக் கணக்கில் எடுக்காததால், வலிமை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைச் சரியாகப் பிடித்தும், அளவில் மூன்று மடங்கு மிகையாகச் சொல்லிவிட்டார். விசைக்கேற்ப நீட்சி என்ற ஹூக்கின் விதி 1678-இல் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவில் வளைவுக் கோட்பாட்டை நேவியர் ஒழுங்குபடுத்தியபோது ஆண்டு 1826.

இனி, தொய்வைக் குறைக்க நம் கையில் என்ன இருக்கிறது? சீரான சுமை தாங்கும் எளிய உத்திரத்தின் தொய்வு, சுமைக்கும் இடைநீளத்தின் நான்காம் அடுக்குக்கும் நேர்விகிதத்திலும், யங் குணகத்துக்கும் நிலைமத் திருப்புத்திறனுக்கும் எதிர்விகிதத்திலும் அமைகிறது. சுமை நம் விருப்பத்தில் இல்லை. யங் குணகம் எஃகுக்கு மாறிலி. மிஞ்சியவை வடிவமும் நீளமும்தான். 200 மி.மீ அகலமும் 50 மி.மீ தடிமனும் உள்ள மரப்பலகையைப் படுக்கையாகப் போடாமல் விளிம்பில் நிறுத்திப் போட்டால், மரம் அதே மரம், எடை அதே எடை. வலிமை 4 மடங்காகிறது, விறைப்போ 16 மடங்காகிறது. செவ்வக வெட்டுமுகத்தில் வலிமை உயரத்தின் வர்க்கத்தோடும் விறைப்பு அதன் கனத்தோடும் போவதே காரணம். ஐ வடிவமும் இதே தந்திரம்தான்: இழுவையும் அழுத்தமும் இல்லாத நடுக்கோடான நடுநிலை அச்சுக்கு அருகில் உள்ள பொருள் அதிகம் உழைக்காது என்பதால், அதை அங்கிருந்து எடுத்து மேலும் கீழும் ஃபிளேஞ்சுகள் எனும் கிடைத்தகடுகளில் வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் உத்திரத்துக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. அட்டவணையில் அடுத்த அளவான 240 மி.மீ சட்டத்தின் நிலைமத் திருப்புத்திறன் 3892 செ.மீ⁴. அதே 275 தரத்திலேயே தொய்வு 21.7 மி.மீ ஆகக் குறைந்து 24-க்குள் வந்துவிடும். பயன்பாட்டுச் சுமையால் மட்டும் வரும் தொய்வு 13 மி.மீ, எனவே பல விதிநூல்கள் அதற்கெனத் தனியாகக் கேட்கும் 360-இல் ஒரு பங்கு வரம்பையும், அதாவது 16.7 மி.மீட்டரையும், அது தாண்டாது. இதற்கான செலவு மீட்டருக்கு நாலரை கிலோ எஃகு, உத்திரம் முழுவதற்கும் 27 கிலோ. மேல் ஃபிளேஞ்ச் பக்கவாட்டில் நழுவாதபடி தளத்தால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் பக்கவாட்டு நெளிவுக்கான சோதனையைத் தனியே செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சிறிய சமன்பாட்டைக் காட்ட விரும்புகிறேன். பாடநூல்களில் ஓரத்தில் கிடக்கும், ஆனால் மேசையில் ஒட்டி வைக்கத்தக்கது. தகைவுச் சமன்பாட்டையும் தொய்வுச் சமன்பாட்டையும் சேர்த்துச் சுமையை நீக்கிவிட்டால், தொய்வை இடைநீளத்தால் வகுத்த ஈவு மூன்றின் பெருக்கலாகக் கிடைக்கும்: 5-ஐ 24-ஆல் வகுத்த எண், விளிம்புத் தகைவை யங் குணகத்தால் வகுத்த ஈவு, அதாவது திரிபு, இடைநீளத்தை உத்திர உயரத்தால் வகுத்த ஈவு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், 30.4 மி.மீ அப்படியே வரும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பயன்பாட்டு நிலையில் தகைவு 165 மெகாபாஸ்கல் என்றும் வரம்பு 360-இல் ஒரு பங்கு என்றும் கொண்டால், இடைநீளம் உயரத்தைப்போல் ஏறத்தாழ 16 மடங்கைத் தாண்டியதும் வலிமைக்கு முன்பே தொய்வு தடுத்துவிடும். உயர்தர எஃகை முழுதாகப் பயன்படுத்தி அதே தகைவை 230 ஆக்கினால் அந்த எல்லை 11.6 மடங்காகச் சுருங்குகிறது. உயர்தர எஃகு ஒல்லியான உத்திரத்துக்கு உதவும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு, அது உழைக்க அதிக உயரம் கேட்கிறது.

இடைநீளத்தைக் குறைக்க முடிந்தால் பயன் இன்னும் பெரிது. நடுவில் ஒரு தாங்கியை வைத்து 3 மீட்டராக இரண்டு கண்களாக்கினால், தொய்வு பழையதில் ஏறக்குறைய 38-இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்தத் தாங்கிக்கு 37.5 கிலோநியூட்டன் போய்ச் சேரும், அதை வாங்கிக்கொள்ள அடித்தளம் வேண்டும். எஃகு உத்திரம் இருபுறமும் ஒரேமாதிரி என்பதால் இதைத் தாங்கிக்கொள்ளும். இதே வேலையைக் கான்கிரீட் உத்திரத்தில் யோசிக்காமல் செய்யாதீர்கள்: நடுவில் முட்டுக் கொடுத்ததும் அந்த இடத்தில் இழுவிசை மேற்புறத்துக்கு மாறுகிறது, எளிய உத்திரமாக வடிவமைத்ததில் அங்கே போதிய கம்பி இருக்காது, உதவ வந்த முட்டே மேற்புறத்தில் விரிசலை வரவழைத்துவிடும். முனைகளை இறுகப் பிணைத்துவிட்டாலும் கோட்பாட்டுப்படி தொய்வு ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் ஃபிளேஞ்சுகளை விட்டு, இடையிலுள்ள செங்குத்துத் தகட்டை மட்டும் பிடிக்கும் சாதாரண போல்ட் இணைப்பு அத்தகைய பிணைப்பு ஆகாது.

உத்திரத்தை முன்கூட்டியே மேல்நோக்கி வளைத்துச் செய்யும் வழக்கம் நிலையான சுமையின் தொய்வைக் கண்ணுக்குத் தெரியாமல் ஈடுசெய்யும். நடப்பவரின் காலுக்குத் தெரியும் அசைவை அது குறைக்காது. ஏற்கெனவே ஏற்றிவிட்ட சட்டமென்றால், இரு ஃபிளேஞ்சுகளிலும் 100 மி.மீ அகலம், 10 மி.மீ தடிமன் தகடுகளைப் பற்றவைப்பதால் நிலைமத் திருப்புத்திறன் கிட்டத்தட்ட இருமடங்காகும். ஆனால் பற்றவைக்கும் முன் ஜாக்கி கொடுத்து உத்திரத்தைத் தூக்கி நிறுத்தாவிட்டால், அதுவரை விழுந்த தொய்வு அப்படியே தங்கிவிடும். தகடுகள் இனி வரும் சுமைக்கு மட்டுமே உதவும்.

தரத்தை உயர்த்துவதே வீண் என்று இதற்குப் பொருளில்லை. நேரடியாக இழுக்கப்படும் உறுப்புகள், குட்டையும் பருமனுமான தூண்கள், குறைந்த நீளத்தில் பெருஞ்சுமை தாங்கும் உத்திரங்கள் ஆகியவற்றில் வலிமையே தீர்மானிக்கிறது, அங்கே உயர்தரம் நேரடி ஆதாயம். நீண்டு மெலிந்த தூணுக்கு வந்தால் மீண்டும் பழைய கதைதான்: ஆய்லர் 1744-இல் கண்ட, தூண் பக்கவாட்டில் வளைந்துவிடும் நெளிவுச் சுமையில் யங் குணகம், நிலைமத் திருப்புத்திறன், நீளம் மூன்றும் உண்டு, வலிமை இல்லை.

பாடத்தை மீண்டும் படிக்க நினைத்தால், ஒவ்வொரு கணக்கிலும் மூன்று இழைகளைப் பிரித்துப் படியுங்கள்: விசைகளின் சமநிலை, வடிவப் பொருத்தம், பொருளின் விதி. வளைவுத் திருப்புத்திறன் சமநிலையிலிருந்து வருகிறது, உங்கள் உத்திரம் எஃகா மரமா என்பது அதற்குத் தெரியாது. தளமாக இருந்த வெட்டுமுகம் வளைந்த பின்னும் தளமாகவே இருக்கும் என்பது வடிவப் பொருத்தம். மூன்றாவது இழையில்தான் பொருள் பேசத் தொடங்குகிறது, அதிலும் மீட்சி எல்லைக்குள் பேசுவது யங் குணகம் மட்டும்.

240 சட்டத்துக்கு வரைபடத்தை மாற்றும் முன், கூடுதலான 20 மி.மீ உயரத்துக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று கட்டட வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். இடமில்லையென்றால் அகன்ற ஃபிளேஞ்ச் கொண்ட 190 மி.மீ உயரச் சட்டம் ஒன்று அதே ஐரோப்பிய அட்டவணையில் உண்டு. நிலைமத் திருப்புத்திறன் 3692 செ.மீ⁴, தொய்வு 22.9 மி.மீ. 220 சட்டத்தைவிட உயரத்தில் 30 மி.மீ மிச்சமாகும், அதற்கு ஈடாக ஒவ்வொரு மீட்டருக்கும் 16 கிலோ எஃகு கூடும்.