இந்திய மரபு முதலாளித்துவத்துக்கும் தாராளவாதத்துக்கும் எதிரானதா?

இல்லை. ஆனால் எல்லாமே நம் மரபில் ஏற்கெனவே இருந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

சந்தை, கடன், வட்டி எல்லாம் பழையவை. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டுகள் தென்னிந்தியாவில் மட்டுமல்ல, இலங்கையிலும் சுமாத்திராவிலும் கிடைத்திருக்கின்றன. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு வழியாகப் பர்மா, இலங்கை, மலாயா என்று பணத்தை நகர்த்தினார்கள். ஆகவே இந்து சமயம்தான் முதலாளித்துவத்தைத் தடுத்தது என்ற ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபரின் வாதம் எனக்குப் போதவில்லை. முதலைத் திரட்டுவதும் கூட்டாளிகளைச் சேர்ப்பதும் பெரும்பாலும் சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் நடந்தன என்பதே பெரிய தடை.

தாராளவாதத்தோடுதான் உண்மையான மோதல். அது தனிமனிதரிடமிருந்து தொடங்குகிறது, நம் மரபு கூட்டத்திடமிருந்து. மட்டக்களப்பாருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை: இங்கே பல கோயில்களில் வண்ணக்கர் (கோயில் பொறுப்பாளர்) பதவியும் திருவிழா உரிமையும் குடி என்ற குலத்துக்குத்தான், குடியோ தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சேரும் இந்த வழக்கத்தில் எனக்குப் பெருமை உண்டு, ஆனால் குடிமுறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அதன் பேரால் எதையும் கேட்க முடியாது, அது எனக்கு உறுத்துகிறது.

சரி, சகிப்புத்தன்மை? அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டு பிற சமயங்களை மதிக்கச் சொல்கிறது. அது அரசர் சொன்ன அறிவுரை, குடிமக்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்புரை இந்திய அரசியலமைப்போடு 1950இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்பேத்கர் 1956இல் பௌத்தத்தைத் தழுவினார், அதுவும் இதே மண்ணின் மரபுதான்.