சோறு ஆறுகிற நேரத்தில் வந்த குரல்

வணக்கம் அண்ணா,

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமை விளையாடிப் போடுவதற்கு யூடியூப் சனல் ஒன்று தொடங்கினேன். 22 வீடியோ போட்டாயிற்று. 140 சப்ஸ்கிரைபர். அதில் பாதிக்கு மேல் 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறன்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் பிடித்தவர்கள். ஒரு வீடியோவை 15 பேர்கூடப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் பேசினால் ஆட்கள் வருவார்களா? அம்மாவிடம் காசு கேட்டு யூனிட்டி பிளாசாவில் நல்ல கேமிங் கணினி ஒன்று எடுக்கட்டுமா?

– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பிக்கு,

நேற்றிரவு உங்கள் வீடியோக்கள் ஆறைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முதல் 40 வினாடி லோகோ சுழல்கிறது, பின்னால் ஆங்கிலப் பாட்டு. பிறகு 'ஹாய் கைஸ்' என்று ஒரு குரல். அது உங்களுடைய குரலே இல்லை.

கடைசியாகப் போட்டதில் ஏழாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுகிறார்: "தம்பி, சோறு ஆறுது!" நீங்கள் மைக்கை மறந்துவிட்டு, "வாறனம்மா, ஒருத்தன்தான் மிச்சம், மதிலுக்குப் பின்னால பதுங்கிறான் பாருங்கோ" என்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நிமிடம் வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைத்து விளையாடியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மூன்று தரம் பார்த்தேன். ஆங்கிலமா தமிழா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அந்தக் குரலுக்காக ஆட்கள் வருவார்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள். சப்ஸ்கிரைபரை இப்படி மாற்றிக்கொள்வதை யூடியூப் விதிகளே தடுக்கின்றன. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. புது வீடியோ வந்ததும் யார் அழுத்துகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் யூடியூப் அதை மற்றவர்களுக்குக் காட்டுகிறது. உங்கள் சப்ஸ்கிரைபர்களில் பாதிப்பேர் கேமே விளையாடாதவர்கள். அவர்கள் கண்ணில் பட்டும் அழுத்தாமல் போனால், உண்மையாகப் பார்க்கக்கூடியவனிடம் அது போய்ச் சேராது.

லோகோவை வெட்டுங்கள். அந்தப் பாட்டும் வேண்டாம், உரிமைக்காரர் கோரினால் விளம்பர வருமானம் அவருக்குத்தான் போகும். அம்மா கூப்பிட்ட அந்தத் துண்டை நிமிர்த்திய வடிவில் ஷார்ட்ஸாக, அதாவது யூடியூபின் குட்டி வீடியோவாகப் போடுங்கள். இப்போது ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை போகலாம். தலைப்பைத் தமிழில் வையுங்கள், 'சோறு ஆறுறதுக்குள்ள முடிச்ச மேட்ச்' என்றுகூட. லிங்கைக் கண்ட கண்ட இடத்தில் ஒட்டுவதை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் உங்களோடு விளையாடிய நாலு பேரைக் கூப்பிட்டு ஞாயிறு இரவு லைவ் போடுங்கள். அவன்கள் தங்கள் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கொழும்பில் இரவு 8 மணி என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை 10.30, இலண்டனில் பின்னேரம் 3.30. இந்தத் தமிழைக் கேட்க ஏங்குகிற பெடியன்கள் அங்கேயும் நிறைய இருக்கிறார்கள், விடுமுறை நாளில் அவர்களும் வரலாம்.

கணினிக்கு அம்மாவிடம் கேட்க வேண்டாம், இதை உங்கள் நன்மைக்குத்தான் அழுத்திச் சொல்கிறேன். நீளமான வீடியோக்களை நம்பி விளம்பர வருமானம் எடுக்க 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணிநேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் மூன்று நிமிடம் நின்றால் 80,000 பார்வை. அதைத் தாண்டினாலும் கணக்கில் 100 அமெரிக்க டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பணத்தை நம்பி வீட்டில் கடன் ஏற்றக் கூடாது. ஃப்ரீ ஃபயர் போனிலேயே ஓடுகிறது, திரையைப் பதியவும் அதே போன் போதும். பிறகு எப்போதாவது கணினி வந்தால், லைவுக்கு ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசம்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். உங்கள் ஆறு வீடியோவிலும் அந்தக் காற்றுச் சத்தம் உங்கள் சொல்லைத் தின்றுவிடுகிறது. அறைக் கதவை மட்டும் சாத்த வேண்டாம், அம்மா கூப்பிடுவது கேட்கட்டும்.

அடுத்ததைப் போட்டதும் லிங்க் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.