ஏட்டாவும் அதன் சிறு சொற்களும்: பண்டைக் கிரேக்கம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: உரோம எழுத்தில் ‘ஹ’ ஒலிக்கு நிற்கும் H வடிவம், கிரேக்கத்தில் ‘ஏட்டா’ என்ற உயிரெழுத்தாக இருப்பது ஏன்?

பதில்: கிரேக்கர்களுக்கு எழுத்தைத் தந்த ஃபினீசியரிடம் ‘ஹேத்’ என்ற பெயரில் அது தொண்டை அடியிலிருந்து எழும் மெய்யொலியைக் குறித்தது. கிரேக்கர்களும் முதலில் அதை ‘ஹ’ ஒலிக்கே வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம்தான் இத்தாலிக்குச் சென்று அங்கு வாழ்ந்த எட்ரஸ்கர் வழியாக உரோமரை அடைந்தது. ஆனால் சிற்றாசியக் கரையில் வாழ்ந்த அயோனியர் பேச்சில் ‘ஹ’ மறைந்துவிட்டதால், ‘ஹேட்டா’ என்ற பெயர் ‘ஏட்டா’ ஆயிற்று; பெயரின் தொடக்கத்தில் மிஞ்சிய நெடிலையே அந்த எழுத்து குறிக்கலாயிற்று. ஏதென்ஸ் அரசு இந்த அயோனிய எழுத்துமுறையை கி.மு. 403-இல்தான் முறைப்படி ஏற்றது. எனினும் மக்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். கி.மு. 422-க்கு முந்தைய யூரிப்பிடீஸின் ‘தீசியஸ்’ நாடகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஆயன் ஒருவன் தான் கண்ட பெயரை வடிவம் வடிவமாகச் சொல்கிறான். முதலாவது நடுவில் குறியுள்ள வட்டம். அடுத்தது இரண்டு கோடுகள், அவற்றை இடையில் ஒரு கோடு விலக்கி நிறுத்துகிறது. அந்த இரண்டாவதுதான் நம் ஏட்டா. அங்கே அது உயிரெழுத்தாகவே நிற்கிறது.

கேள்வி: ஏட்டா என்ற ஓரெழுத்தே பல சொற்களாக வருகிறதே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எழுத்தின் தலைமேல் உள்ள பிறைக்குறியை முதலில் பாருங்கள். பிறை வலப்பக்கம் வாய் திறந்திருந்தால் ‘ஹே’, இடப்பக்கம் திறந்திருந்தால் வெறும் ‘ஏ’. ‘ஹே’ என்று ஒலித்து, வேறு குறி எதுவும் இல்லாவிட்டால், அது பெண்பால் பெயருக்கு முன் வரும், ஆங்கிலத்தின் ‘த’ போன்ற சொல்; அதே ‘ஹே’ ஏற்றக்குறி (´) பெற்றால் ‘எவளோ அவள்’ என்று முன்னர் வந்த பெண்பால் பெயரைச் சுட்டும். ‘ஏ’ ஏற்றக்குறியோடு வந்தால் ‘அல்லது’. ஒப்பீட்டுச் சொல்லுக்குப் பின் வந்தால் ‘காட்டிலும்’. வேறொரு சொல் தொடரும்போது அந்த ஏற்றக்குறி இறக்கக்குறியாக (`) மாறும், பொருள் மாறாது. வளைவுக்குறி (~) பெற்ற ‘ஏ’ சிக்கலானது. ‘மெய்யாகவே’ என்று உறுதி கூறும். ஏதென்ஸ் பகுதியின் பேச்சான பழைய ஆட்டிக் வழக்கில் ‘இருந்தேன்’ என்றும் பொருள்படும். பிளேட்டோவின் உரையாடல்களில் ‘ஏ த ஹோஸ்’ என்று வந்தால் ‘என்றான் அவன்’. வளைவோடு அடியில் ‘இ’ எழுத்தான இயோட்டாவும் சிறிதாக ஒட்டியிருந்தால், ‘ஹே’ என்பது ‘எவ்வழியில்’, ‘ஏ’ என்பது ‘இருக்குமாயின்’ என்ற வினைவடிவம்.

குறிகளை விட்டுவிட்டுச் சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள். பின்னர் அவற்றைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த மாணவர் பலர், ‘அல்லது’ வருமிடத்தில் பெண்பால் பெயரைத் தேடித் திண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏட்டா வரிசையில் ஏழாவது எழுத்து, எண்ணாகும்போது மட்டும் எட்டு ஏன்?

பதில்: கிரேக்கர் எழுத்துகளையே எண்களாகவும் எழுதினார்கள்; வழக்கொழிந்த ‘திகம்மா’ என்ற எழுத்து ஆறாம் இடத்தை எண்களில் மட்டும் விடாமல் வைத்திருப்பதால்.

கேள்வி: டெல்ஃபி கோயிலில் பொறித்திருந்த எழுத்து ஏட்டாதானே?

பதில்: இல்லை, குறில் ‘எ’ ஆகிய எப்சிலான்.

கேள்வி: இன்றைய கிரேக்கர் ‘ஈட்டா’ என்கிறார்கள். அவர்கள் மொழி அவர்களுக்குத் தெரியாதா?

பதில்: இன்றைய மொழிக்கு ‘ஈ’ முற்றிலும் சரி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸுக்கு அது சரியில்லை. கிராட்டினஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் ஆட்டின் கத்தலை ‘பே பே’ என்று ஏட்டாவால் எழுதினார். இன்றைய ஒலிப்பில் படித்தால் அந்த ஆடு ‘வீ வீ’ என்று கத்தும்.

கேள்வி (அதே நண்பர்): ஓர் ஆட்டை நம்பி ஒரு மொழியின் ஒலியை முடிவு செய்வதா?

பதில்: ஆடு மட்டும் சாட்சியாக இருந்தால் நானும் தயங்குவேன். இலத்தீனர் கிரேக்கப் பெயர்களை வாங்கியபோது ஏட்டாவை ‘ஏ’ நெடிலாகவே எழுதினார்கள். கிரேக்கத்தின் மற்றொரு பகுதியினரான பியோஷியர் பேச்சில் அந்த உயிர் ‘ஈ’யை நோக்கி மேலேறிவிட்டதால், தந்தையைக் குறிக்கும் ‘பட்டேர்’ என்ற சொல்லுக்கு அவர்கள் ஏட்டாவை விட்டுவிட்டு எப்சிலானும் இயோட்டாவும் சேர்ந்த இரட்டையை எழுதினார்கள்; ஏட்டாவே உயர்ந்த ஒலியாக இருந்திருந்தால் அதற்குத் தேவையே எழுந்திராது. உரோம ஆட்சிக்கால எகிப்துப் பாப்பிரஸ் ஓலைகளில்தான் ஏட்டாவும் இயோட்டாவும் பரவலாக ஒன்றுக்கொன்று மாறி எழுதப்படுவதைக் காண்கிறோம். இந்தச் சர்ச்சை எவ்வளவு சூடானது என்றால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் ஸ்டீபன் கார்டினர் 1542-இல் அறிஞர் எராஸ்மஸ் வழிவந்த, ‘ஏ’ என்னும் பழைய ஒலிப்பைத் தடையே செய்தார்.

கேள்வி: ஈட்டாவா, ஏட்டாவா?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன், அருள்கூர்ந்து படியுங்கள்.

கேள்வி: பண்டைக் கிரேக்கரே கல்வெட்டுகளில் குறி இடவில்லையே, நான் ஏன் இட வேண்டும்?

பதில்: அவர்களுக்கு அந்த மொழி தாய்ப்பால். புள்ளி இடாத பனையோலையை நம் முன்னோர் தடையின்றிப் படித்தது போல, அவர்கள் காது விடுபட்டதை நிரப்பிக்கொண்டது. உங்கள் காதில் அது இல்லை. தென் இத்தாலியின் தாரெந்தம் நகரத்தார், ‘ஹ’ ஒலியை விட மனமின்றி ஏட்டாவின் இடப்பாதியை மட்டும் வெட்டியெடுத்து எழுதினார்கள். அலெக்சாண்ட்ரியா இலக்கணியர் அதை மேலே ஏற்றி வைத்தார்கள். வலப்பக்கம் வாய் திறந்த அந்தப் பிறை, பாதி உடைந்த பழைய ‘ஹேட்டா’தான்.